நாற்காலிக்கு முன் மேசை

தென் கொல்கத்தாவின் டாக்குரியாவில் குடியிருந்து சால்ட் லேக் செக்டர் ஃபைவ் நிறுவனங்களுக்கு வேலை பார்ப்பவர்கள், 2020 மார்ச் ஊரடங்கில் சாப்பாட்டு மேசையையும் கட்டிலையும் அலுவலகமாக்கிக்கொள்ள நேர்ந்தது. கழுத்துவலியும் பின்னாலேயே வந்தது. அந்நாட்களில் எங்கும் பரவிய அறிவுரை இதுதான்: இடுப்பு, முழங்கால், முழங்கை மூன்றும் 90 டிகிரியில் இருக்கட்டும், திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தைத் தாண்டாமல், ஒரு கை எட்டும் தொலைவில் இருக்கட்டும். ஊரடங்கு போய்விட்டது, அறிவுரை தங்கிவிட்டது. அதன் பெயரால் 'எர்கனாமிக்' நாற்காலி வியாபாரமும் நடக்கிறது. அறிவுரையில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் மேசையில் தொடங்க வேண்டியதை அது நாற்காலியில் தொடங்குகிறது, அங்கேயே முடித்தும்விடுகிறது.

நம் வீட்டு மேசைகள் பெரும்பாலும் தரையிலிருந்து 75 செ.மீ. உயரம். 150 செ.மீ. உயரமுள்ள பெண் பாதம் தரையில் பதிய அமர்ந்தால், இருக்கை ஏறத்தாழ 38 செ.மீ.; அதற்கு மேல் முழங்கை 20 செ.மீ. ஆக, விசைப்பலகை 60 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். மேசையோ அதைவிட 15 செ.மீ. மேலே நிற்கிறது. எவ்வளவு விலை கொடுத்து நாற்காலி வாங்கினாலும் அவர் தோளைத் தூக்கியே தட்டச்சு செய்வார். நாற்காலியை உயர்த்தினால் கால் தொங்கும். வங்காளிகள் வீட்டில் கிடக்கும் ஜல்சௌக்கியை, நம் மணையைப் போன்ற அந்தக் குட்டைப் பலகையை, காலடியில் போட்டால் பாதிச் சிக்கல் தீரும். மீதிப் பாதி மடிக்கணினியின் பிறவிக்குறை. திரையும் விசைப்பலகையும் ஒட்டிப் பிறந்தவை. ஒன்றைச் சரியான உயரத்தில் வைத்தால் மற்றது கெடும். நாலு தடித்த புத்தகங்களின் மேல் மடிக்கணினியை ஏற்றி, தனி விசைப்பலகையும் மவுஸும் இணைப்பது நாற்காலி விலையில் சிறு பங்குதான். அலுவலக ஊழியர்களைப் பற்றிய சோதனைகளைத் தொகுத்த 2018 காக்ரேன் ஆய்வும் கையைத் தாங்கும் பலகை, மாற்று வடிவ மவுஸ் இவை சேர்ந்தால் கழுத்து, தோள் நோவு குறையக்கூடும் என்றது. மற்ற ஏற்பாடுகளுக்குச் சான்று மெலிந்தே இருந்தது.

90 டிகிரிக்கு வருவோம். வரைபடத்துக்கு அழகான கோணம் அது. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 22 பேரை வெவ்வேறு நிலைகளில் அமரவைத்து எடுத்த எம்.ஆர்.ஐ. படங்கள் 2006இல் வெளியாயின. முதுகுத்தட்டுகளுக்கு மிகக் குறைந்த அழுத்தம் 135 டிகிரி சாய்விலேயே என்றார்கள் ஆய்வாளர்கள். அப்படிச் சாய்ந்தபடி எக்செல் நிரப்ப முடியாது என்பது வேறு விஷயம். எந்தக் கோணமானாலும் நாலு மணிநேரம் அசையாமல் பிடித்துவைத்தால் தசை களைக்கும். அப்படியானால் விதியே வேண்டாமா என்று கேட்கலாம். தொடங்க ஓர் அளவு வேண்டும்தான். ஆனால் உடலை அதில் பூட்டிவைப்பது எர்கனாமிக்ஸ் அல்ல.

கொல்கத்தாவின் புர்ராபஜாரில், 'கதி' எனப்படும் மெத்தை விரித்த வணிகர் இடங்களில், தரையில் அமர்ந்து காலமெல்லாம் கணக்கெழுதியவர்கள் எந்த நாற்காலியைக் கண்டார்கள் என்று மறுப்பவர்களும் உண்டு. ஆனால் எழுத்தர்களின் நோவும் புதிதல்ல. இத்தாலிய மருத்துவர் ராமத்சினி 1713இலேயே அதற்கு மூன்று காரணம் சொன்னார்: ஓயாமல் உட்கார்ந்திருத்தல், கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தல், பிழை வரக்கூடாதே என்ற மன இறுக்கம். கடைக்காரர் விற்கும் நாற்காலி முதலாவதைச் சற்றே மென்மையாக்கும். மற்ற இரண்டையும் தொடாது. அவை வேலையின் வேகத்தையும் கெடுவையும் சார்ந்தவை. அவற்றைத் தளர்த்தக்கூடிய இடைவேளை நோவைக் குறைக்கும் என்பதற்கும் சான்று வலுவாக இல்லை, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அதற்குக் காசு செலவில்லை, அனுமதிதான் வேண்டும். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அடுத்தடுத்து அழைப்பு எடுப்பவருக்கு அந்த அனுமதி தன் கையில் இல்லை. ஐரோப்பியச் சமூகத்தின் 1990 ஆணையும் பிரிட்டனின் 1992 விதிகளும் இதனால்தான் பணியிடத்தை மதிப்பிடுவதையும் திரைவேலைக்கு நடுவே இடைவேளை தருவதையும் முதலாளியின் கடமையாக்கின. நம் நாட்டிலோ, தமிழ்நாட்டில் கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டதே 2021இல். அந்த வேகத்தில் பார்த்தால், டாக்குரியா வீட்டு மேசையை அளக்க நிறுவனம் ஆள் அனுப்பும் நாள் அருகில் இல்லை. அதுவரை அளவு நாடாவும் ஜல்சௌக்கியும் ஊழியர் செலவுதான்.