கைக்குப் பேசும் வண்டி

காலை ஐந்தரைக்குள் சாந்தினி சௌக்கைத் தாண்டிவிட்டால் புனே நகரத்தின் நெரிசலுக்கு நாம் அகப்பட மாட்டோம். பிரங்குட், பௌட் என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகும். முல்ஷி அணையின் நீர்ப்பரப்பு மரங்களுக்கிடையே வெளுத்துத் தெரியும்போது விடிந்திருக்கும். அங்கிருந்து சஹ்யாத்ரி மலையின் விளிம்பைக் கடந்து கொங்கணத்துக்கு இறங்கும் பாதைதான் தாம்ஹிணி காட். மழைக்காலத்தில் பாறைக்குப் பாறை அருவி. வளைவுக்கு வளைவு தார் வேறு, ஈரம் வேறு, சரிவு வேறு.

அந்தப் பாதையில் என்னை அழைத்துப்போனவர் எங்கள் குடியிருப்பின் மேல்மாடியில் இருக்கும், 'காகா' என்று நாங்கள் அழைக்கும் பெரியவர். ஓய்வுபெற்ற இன்ஜினியர். வண்டி 2001-ஆம் ஆண்டு மாருதி எஸ்டீம். வெள்ளை நிறம், பவர் ஸ்டியரிங் இல்லாத அடிப்படை மாடல். மலை தொடங்கும் இடத்தில் ஓரம் கட்டி, சாவியை என்னிடம் கொடுத்தார். "கையைத் தளர்த்திப் பிடி. மீதியை வண்டி சொல்லும்" என்றார் மராத்தியில். அன்று அந்த வண்டி சொன்னதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

எஸ்டீமை இன்று யாரும் வேக வண்டி என்று சொல்ல மாட்டார்கள். 1990-இல் வந்த மாருதி 1000 என்ற காரின் உடலுக்குள், 1994-இல் 1.3 லிட்டர் இன்ஜினை வைத்து மாருதி கொடுத்த செடான் அது. 2000-ஐ ஒட்டி அதற்குப் பதினாறு வால்வு இன்ஜினும் எம்.பி.எஃப்.ஐ. என்ற எரிபொருள் செலுத்தும் முறையும் வந்தன. அதன் திறன் 85 குதிரை. இந்த எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது. எடையைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எஸ்டீம் 900 கிலோவைத் தொடாத கார். அதனால்தான் ராலிக்காரர்களும் பந்தயக்காரர்களும் அதை அத்தனை காலம் விடாமல் வைத்திருந்தார்கள். முன்னும் பின்னும் நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் வேறு. ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் எதிர்ச் சக்கரம் தன் பாட்டுக்குத் தரையைப் பற்றிக்கொண்டிருக்கும்.

முதல் இரண்டு வளைவுகளில் எனக்குத் தோள் வலித்தது. பவர் ஸ்டியரிங்குக்குப் பழகிய கை. மூன்றாவது வளைவில்தான் காகா சொன்னது நினைவுக்கு வந்து பிடியைத் தளர்த்தினேன். உடனே உள்ளங்கையில் சாலை வந்து உட்கார்ந்தது. புதுத் தார் முடிந்து பழைய தார் தொடங்கும் இடம், அருவி நீர் குறுக்கே ஓடும் இடம், சக்கரத்தடியில் சரளை நெரியும் இடம் எல்லாம் கண் பார்ப்பதற்கு முன்பே கைக்குத் தெரிந்தன.

அடுத்து வந்தது ஒரு நீண்ட இடப்பக்க வளைவு. இரண்டாவது கியர், வேகம் ஐம்பதைச் சற்றே தாண்டியிருக்கும். வண்டி சாய்ந்து, வலப்பக்க முன் டயரின் மேல் பாரத்தை வைத்து நின்றது. வளைவின் நடுவில் தார் ஈரமாக இருந்தது. அதுவரை கையை எதிர்த்துக்கொண்டிருந்த ஸ்டியரிங் அந்த இடத்தில் இளகியது. பட்டம் விடும்போது காற்று குறைந்து நூல் தொய்யுமே, அப்படி ஓர் இளக்கம். டயர் தன் பிடியின் எல்லைக்கு வந்துவிட்டது என்பதற்கு அதுதான் சேதி. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை அரை விரற்கடை எடுத்தேன். மூக்கு உள்பக்கம் திரும்பியது, ஸ்டியரிங்கில் பாரம் மீண்டது, வண்டி வளைவை முடித்துக்கொண்டு வெளியே வந்தது. எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிட்டது. அந்த ஒரு நொடியில் வண்டி ஒரு கேள்வி கேட்டு, நான் ஒரு பதில் சொல்லி, அதை அது ஏற்றுக்கொண்டது. கார் ஓட்டுவதில் உள்ள இன்பம் முழுவதும் இந்தப் பரிமாற்றத்தில் இருக்கிறது என்று நம்புகிறேன்.

இதற்குக் காரணம் எடைதான். ஓடும் பொருளைத் திருப்பவோ நிறுத்தவோ வேண்டிய விசை அதன் எடைக்கேற்பக் கூடும். பாரம் ஏற ஏற டயரின் பிடியும் கூடும்தான், ஆனால் அதே விகிதத்தில் கூடாது. ஆகவே கனமான வண்டிக்கு அகலமான டயர் வேண்டும். அகலமான டயரைத் திருப்பக் கைக்கு உதவி வேண்டும். அதை நிறுத்தப் பெரிய பிரேக் வேண்டும், பெரிய பிரேக் உள்ளே அடங்கப் பெரிய சக்கரம் வேண்டும், இத்தனையையும் தாங்க உறுதியான உடல் வேண்டும். ஒவ்வொன்றும் எடையை இன்னும் ஏற்றும். எடை குறைந்தால் இதே சங்கிலி தலைகீழாக ஓடும். எஸ்டீமுக்குப் 13 அங்குலச் சக்கரம் போதும், ஒல்லியான டயர் போதும். டயருக்கும் கைக்கும் நடுவில் மோட்டாரே இல்லாததால் வழியில் சேதி தேய்வதில்லை.

ஆக்சிலரேட்டரும் அப்படியே. மிதிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒரு கம்பிதான் ஓடுகிறது. கால் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவுக்குக் காற்று உள்ளே போகும். டர்போ இல்லாத இன்ஜின் என்பதால் தாமதமும் இல்லை, எதிர்பாராத தள்ளலும் இல்லை. நாலாயிரம் சுற்றைத் தாண்டியதும் அதன் குரல் மாறித் தொண்டை திறந்துகொள்ளும். அந்த இடத்துக்கு அதை நாம்தான் கியர் பார்த்துக் கொண்டுபோக வேண்டும். வளைவுக்கு முன்பே சரியான கியரைத் தேர்ந்தவருக்கு மட்டுமே அது மனசைத் திறக்கும்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இது புதிய ஞானமில்லை. கொங்கு நாட்டில் ரேக்ளா வண்டியைப் பார்த்தவர்களுக்கு ஒரு வார்த்தை போதும். மூட்டை ஏற்றும் பார வண்டியும் மாடு பூட்டியதுதான், ரேக்ளாவும் மாடு பூட்டியதுதான். ஆனால் ரேக்ளாவில் தேவைக்கு மேல் ஒரு சட்டம் இருக்காது. கயிற்றில் சிறு சுண்டல் போட்டால் மாட்டுக்குத் தெரியும். மாட்டின் மனநிலை அதே கயிறு வழியாக ஓட்டுபவருக்குத் தெரியும்.

அதே கொங்கு மண்ணில், கோவையில்தான் எஸ். கரிவரதன், மாருதி 800-இன் இன்ஜினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். மூன்று சிலிண்டர், 796 சி.சி. தெருவில் ஓடிய மாருதி 800-இல் 40 குதிரைத்திறனைக்கூட எட்டாத இன்ஜின் அது. மேலே கூரை இல்லை, பின்னிருக்கை இல்லை. எடையைக் கழற்றி எறிந்ததும் அந்தச் சின்ன இன்ஜின் ஒரு தலைமுறைக்குப் பந்தயம் கற்றுக்கொடுத்தது. நரேன் கார்த்திகேயன் ஸ்ரீபெரும்புதூரில் ஓட்டப் பழகியது அந்த வகைக் காரில்தான். 2005-இல் ஃபார்முலா ஒன்றுக்குப் போன முதல் இந்தியர் அவர். கரிவரதன் 1995-இல் சிறுவிமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஜப்பானில் மஸ்தா நிறுவனம் 1989-இல் எம்.எக்ஸ்-5 என்ற சிறிய காரைக் கொண்டுவந்தபோது வைத்த இலட்சியமும் இதுவே: குதிரையும் அதன்மேல் இருப்பவரும் ஓருடலாக வேண்டும். ஒரு டன்னுக்கும் குறைவான கார் அது.

புனேயில் இருந்துகொண்டு புதிய வண்டிகளைக் குறைத்துப் பேச முடியாது. இது வண்டி செய்யும் ஊர். பிம்ப்ரியில் டாடா, ஆகுர்டியில் பஜாஜ், ரஞ்சன்காவில் ஃபியட், சாகனில் ஃபோக்ஸ்வாகன். வேத்தாள் குன்றின் மேல் ஏ.ஆர்.ஏ.ஐ. 1966 முதல் நாட்டின் வண்டிகளைச் சோதித்துக்கொண்டிருக்கிறது. சாகனில் 2022 முதல் தயாராகும் ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜி.டி.யில் 150 குதிரைத்திறன். அது தாம்ஹிணியில் எஸ்டீமை எல்லா வளைவிலும் முந்தும். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அந்தக் காரின் எல்லை எங்கே இருக்கிறது? எஸ்டீம் ஐம்பதில் கேட்ட கேள்வியை அது மிக உயர்ந்த வேகத்தில்தான் கேட்கும். எதிரே பால்வண்டியும் பள்ளிப் பேருந்தும் வரும் பொதுச் சாலையில் பொறுப்புள்ள எவரும் அந்த வேகத்துக்குப் போக மாட்டார். ஆகவே அந்தக் காரின் திறமையில் பாதியைக்கூட நாம் பார்க்காமலே வீடு திரும்புகிறோம். இலகுவான பழைய கார் தன் எல்லையை மனிதருக்கு எட்டும் உயரத்தில் வைத்திருக்கிறது. சட்டத்துக்கு உட்பட்ட வேகத்தில், யாரையும் பயமுறுத்தாமல், அதன் முழு ஆட்டத்தையும் ஆடிப் பார்க்கலாம்.

எடை ஏன் கூடியது என்பதையும் மதித்துச் சொல்ல வேண்டும். 2017 அக்டோபர் முதல் புதிய மாடல்களுக்கு மோதல் சோதனை வந்தது. 2019-இல் ஏ.பி.எஸ்.ஸும் ஓட்டுநர் ஏர்பேகும் கட்டாயமாயின. உயிர் காக்கும் இரும்பு கனமாகத்தான் இருக்கும். எஸ்டீமின் மெல்லிய தூண்களுக்கிடையே வளைவின் மறுமுனை வரை தெளிவாகத் தெரிகிறது என்று நான் மகிழும்போது, கவிழ்ந்தால் தாங்க வேண்டியவையும் அதே மெல்லிய தூண்கள்தான் என்பது எனக்குத் தெரியும். தினமும் குழந்தைகளோடு நெடுஞ்சாலையில் போக நான் எஸ்டீமைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். ஞாயிறு விடிகாலையில், காலியான மலைப்பாதையில், முழுக் கவனத்தோடு ஓட்ட அதைவிட நல்ல துணை எனக்கு வேறில்லை. அந்த வண்டி கவனத்தைக் கேட்டு வாங்குகிறது. இன்றைக்கு வேறு எந்த இயந்திரம் நம்மிடம் அதைக் கேட்கிறது?

அடிவாரத்தில் ஒரு கடையோரம் நிறுத்திச் சாயா குடித்தோம். காகா தம் வண்டியின் பானட்டைத் திறந்து காட்டினார். இன்ஜினைச் சுற்றிக் கை நுழைய இடம் இருந்தது. எந்தக் குழாய் எங்கே போகிறது என்று கண்ணாலேயே தொடர முடிந்தது. எஸ்டீம் தயாரிப்பு 2007-இல் நின்றுவிட்டது. இருந்தும் நானா பேட்டின் உதிரிபாகக் கடைகளில் தேடித் தேடி ரப்பர் புஷ்ஷும் கிளட்ச் கேபிளும் வாங்கிவருகிறார். புஷ் தேய்ந்தால் ஸ்டியரிங்கில் சேதி மழுங்கிவிடும் என்பது அவர் கவலை. பதினைந்து ஆண்டு கடந்த வண்டி என்பதால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. முன்னால் நிறுத்திப் பதிவைப் புதுப்பிக்கிறார், சுற்றுச்சூழல் வரியும் கட்டுகிறார்.

திரும்பும்போது அவரே ஓட்டினார். எழுபதைத் தாண்டிய மனிதர். விரல்கள் ஸ்டியரிங்கைத் தொட்டும் தொடாமலும் இருந்தன. நான் திருத்தி ஓட்டிய அதே நீண்ட வளைவை அவர் ஒரே அசைவில் கடந்தார். வேகமானியைப் பார்த்தேன், நான் போன அதே ஐம்பதுதான். ஈரமான இடம் வந்ததும் அவருடைய வலது கால் அரை விரற்கடை எழுந்து இறங்கியது.