அரை மணித்தியாலத்தில் காசல்ரீ!

கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு நேர்கோடு போட்டால் எண்பது கிலோமீட்டர் சொச்சம்தான். அதையே ரயில் 173 கிலோமீட்டராகச் சுற்றி, மூச்சிரைக்க மலையேறி, ஐந்து மணித்தியாலம் போல எடுத்துக்கொண்டு கொண்டுவந்து சேர்க்கும். பஸ் என்றால் கினிகத்தேனை வளைவுகளில் தேசிக்காயை முகர்ந்துகொண்டே வரவேண்டும். சென்னையிலிருந்து கொழும்புக்கே ஒன்றரை மணித்தியாலத்துக்குள் பறந்து வந்துவிடலாம், ஐயா! அங்கிருந்து எங்கள் மலைக்கு வருவதுதான் பெரும்பாடு. இப்படிப் பழகிய என்னைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஒரு குட்டி விமானத்தில் ஏற்றி, அரை மணித்தியாலத்தில் ஹட்டனுக்குப் பக்கத்திலிருக்கும் காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீரிலேயே இறக்குகிறோம் என்றார்கள். முதல்நாள் ராத்திரி எனக்குத் தூக்கம் வந்திருக்கும் என்றா நினைக்கிறீர்கள்?

செஸ்னா கரவன் அது. மூக்கில் ஒரே ஒரு விசிறி, வயிற்றுக்குக் கீழே இரண்டு மிதவை, மிதவைக்குள்ளேயே சக்கரம். ஓடுபாதையில் சக்கரத்தில் ஓடிக் கிளம்பும். இறங்கும்போது சக்கரத்தை உள்ளே இழுத்துக்கொண்டு தண்ணீரில் உட்காரும். விமானிக்கும் நமக்கும் நடுவே கதவே கிடையாது. அவர் விரல் எந்த விசையைத் தட்டுகிறது என்பதுவரை பார்க்கலாம். பார்த்தேன், வாயைப் பிளந்துகொண்டு!

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்: தென்னந்தோப்பு, வயல், ரப்பர் தோட்டம் எல்லாம் காலடியில் நழுவ, களனி கங்கை வளைந்து வளைந்து கூடவே வர, பஸ்ஸில் குடலைப் பிடுங்கிய அதே கினிகத்தேனை ரோடு நூல்கண்டு அவிழ்ந்த மாதிரி கீழே கிடக்க, வலப்பக்கம் திடீரென்று சிவனொளிபாதமலை மேகத்தைக் கிழித்துக்கொண்டு கூராக எழும்பி நிற்க, "அந்தா, அந்தா!" என்று நான் கத்தியதில் பக்கத்திலிருந்த வெள்ளைக்காரம்மாவே திடுக்கிட்டுப் போனார்! சப்தகன்னி மலை தெரிந்ததும் மட்டும் இருக்கையை இறுக்கிப் பிடித்தேன். 1974 டிசம்பரில் ஹஜ் யாத்திரிகர்களோடு வந்த விமானம் மோதி 191 பேர் மாண்டது அங்கேதான், அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அடுத்த நிமிடமே விமானம் சரிந்து திரும்ப, தேயிலைச் சரிவு ஜன்னலுக்கு நேரே வந்துவிட்டது, தொழிலாளர் லயத்துத் தகரக்கூரை, கோயில் கோபுரம், கூடையோடு நிமிர்ந்து பார்த்த கொழுந்துக்காரப் பெண்கள், கையாட்டினார்கள், நானும் பைத்தியம் போல ஆட்டினேன், சர்ரென்று ஒரு சத்தம், கண்ணாடி முழுக்கத் தண்ணீர்த் தூறல், காசல்ரீ! தோட்ட வேலைக்காகக் கடல் கடந்து மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நாட்கணக்காக நடந்து வந்த சனத்தின் வாரிசு நான், அரை மணித்தியாலத்தில் வந்துவிட்டேன்! கதவைத் திறந்ததும் குளிர்காற்றோடு பச்சைக்கொழுந்து வாடும் வாசம். கண் கலங்கியது, சிரிக்காதீர்கள்.

காசு கொஞ்சம் கடிக்கும்தான், பெரிய பெட்டியும் கொண்டுபோக முடியாது. அதை விடுங்கள்! ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள், மலையில் மேகம் மூடுவதற்கு முன் காலையிலேயே கிளம்புங்கள். வலப்பக்க ஜன்னலை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.