பிரஷர் நின்றால் ஃபில்டர் நல்லதா?

ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் ஆயில் ஃபில்டர் வாங்கும் முறை பெரும்பாலும் ஒன்றுதான். கழற்றிய பழைய ஃபில்டரை மேசையில் வைத்ததும், அதே மரையும் அதே அளவு ரப்பர் வளையமும் கொண்ட இன்னொன்று அலமாரியிலிருந்து இறங்கும். மாட்டி, ஆயில் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் லைட் அணைந்துவிட்டால் வேலை முடிந்தது. மீட்டர் உள்ள லாரியானால் முள் வழக்கமான இடத்தில் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். மரை பொருந்த வேண்டும், பிரஷர் நிற்க வேண்டும். இந்த இரண்டு சோதனைகளும் அவசியமானவை. ஆனால் ஆயிலிலுள்ள அழுக்கை ஃபில்டர் பிடிக்கிறதா என்பதை இரண்டுமே சொல்வதில்லை.

இம்முறையின் நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். மரை பார்ப்பது சின்ன விஷயம் அல்ல. முக்கால் அங்குல மரையும் 20 மில்லிமீட்டர் மெட்ரிக் மரையும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். மெட்ரிக் ஃபில்டர் அங்குல மரைத் தண்டில் தளர்வாக ஏறிக்கொள்ளும். ஓட்டத்தில் கசியலாம், கழன்றும் விழலாம். லைட் அணைகிறதா என்று பார்ப்பதும் அப்படித்தான்: காலி ஃபில்டர் நிறைந்து ஆயில் பேரிங்குகளை எட்டியதற்கு அது ஒரு சாட்சி. விலைக்கும் ஒரு நியாயம் உண்டு. உரிய காலத்தில் மாற்றிய சாதாரண ஃபில்டர், காலம் கடந்தும் மாட்டியிருக்கும் உயர்ரக ஃபில்டரைவிட எஞ்சினுக்கு நல்லது. விலை குறைவாக இருந்தால் மாற்றத் தயக்கம் இருக்காது.

குறை தொடங்குவது பிரஷரை ஃபில்டரின் தரச்சான்றாக எடுத்துக்கொள்ளும் இடத்தில். பம்ப் தள்ளும் ஆயில் ஃபில்டரைக் கடந்து, பேரிங்குகளின் குறுகிய இடைவெளிகள் வழியே பிழிந்து வெளியேறுகிறது. அந்த இடைவெளி தரும் தடைதான் பிரஷரை உண்டாக்குகிறது. பிரஷர் மிகுந்தால் ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு, சூடான ஐட்லிங்கில் மூடியே இருக்கும். பம்ப் தள்ளும் ஆயில் முழுவதும் பேரிங்குக்குப் போயாக வேண்டும். ஃபில்டர் சற்றுத் தடை கொடுத்தாலும் பம்ப் அந்த அளவு கூடுதலாக உழைக்குமே தவிர, பேரிங் பக்கத்துப் பிரஷர் அநேகமாக மாறாது. வேகம் கூடி ரிலீஃப் வால்வு திறந்த பிறகே, அதுவும் அந்த வால்வு பம்பின் வாயிலேயே பிரஷரைக் கட்டுப்படுத்தும் எஞ்சின்களில்தான், ஃபில்டரின் தடை முள்ளில் தெரியும். சூடான ஆயிலில் சுத்தமான நல்ல ஃபில்டர் எடுத்துக்கொள்ளும் பிரஷர் சில பிஎஸ்ஐ மட்டுமே.

ஆகவே ஐட்லிங்கில் முள் இறங்கினால் தேட வேண்டியது தேய்ந்த பேரிங்கை, தேய்ந்த பம்பை, டீசல் கலந்து நீர்த்துப்போன ஆயிலை. அதை விட்டுவிட்டுப் பிரஷர் ஏறுவதற்காக ஃபில்டர் பிராண்டை மாற்றுவது நோயை அப்படியே விட்டுவிடுகிறது.

இதைவிடப் பெரிய அபாயம் பைபாஸ் வால்வில் இருக்கிறது. தொடக்க கால ஃபில்டர்கள் பெரும்பாலும் ஆயிலில் ஒரு பங்கை மட்டுமே வடிகட்டின. மீதி நேராக பேரிங்குக்குப் போனது. முழு ஆயிலும் ஃபில்டர் வழியாகவே போகும் அமைப்பு வந்தபின், ஃபில்டர் அடைத்தால் எஞ்சின் ஆயிலின்றி நின்றுவிடாதிருக்க இந்த வால்வு தேவைப்பட்டது. உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் பிரஷர் வித்தியாசம் ஓர் அளவைத் தாண்டினால் அது திறந்து, ஆயிலை வடிகட்டாமலே அனுப்பிவிடும். கார் ஃபில்டர்களில் அந்த அளவு பெரும்பாலும் 8 முதல் 22 பிஎஸ்ஐ வரை எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். மரை ஒன்றாகவே இருந்தும் இந்த அளவு வேறாக இருக்கலாம். ஸ்பிரிங் நொய்ந்த, அல்லது சரியாக மூடாத வால்வுள்ள ஃபில்டரை மாட்டினால் முள் இறங்காது, லைட்டும் எரியாது. அழுக்கு மட்டும் பேரிங்கைத் தேடிப் போய்க்கொண்டிருக்கும். உள்ளே வடிகட்டும் காகிதமே இல்லாத வெறும் டப்பா பிரஷர் சோதனையில் எல்லாவற்றையும்விட நன்றாகத் தேறும். இரத்த அழுத்தம் சரியாக இருப்பதால் மட்டும் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று எந்த மருத்துவரும் முடிவுகட்டுவதில்லை.

குளிரில் ஆயில் தடித்தால்தானே பைபாஸ் திறக்கும், நம் ஊரில் குளிர் இல்லையே, ஏன் கவலை என்று கேட்கலாம். 20டபிள்யூ-40 ஆயில் 100 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் ஏறக்குறைய 8 மடங்கு தடிப்பாக இருக்கும். சென்னையின் காலை வெயிலிலும் முதல் ஸ்டார்ட் அந்தத் தடித்த ஆயிலில்தான். அப்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால், நொய்ந்த வால்வு தேவைக்கு முன்பே திறந்துகொள்ளும்.

வண்டி நின்றபின் ஃபில்டரிலிருந்து ஆயில் வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு இன்னொன்று. ஃபில்டர் படுக்கையாகவோ தலைகீழாகவோ இருக்கும் எஞ்சினில் அது இல்லாவிட்டாலும், ரப்பர் இறுகிப்போனாலும், ஒவ்வொரு காலையும் பேரிங்குகள் சில விநாடி ஆயிலின்றிச் சுழலும். அந்தச் சில விநாடி தாமதத்தைக் கவனிப்பவர்கள் குறைவு.

இனி, பிடிக்கும் திறன். 1988இல் ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர்கள் வெளியிட்ட ஆய்வில், 40 மைக்ரான் ஃபில்டருடன் ஒப்பிட 30 மைக்ரானில் எஞ்சின் தேய்மானம் 50 விழுக்காடும், 15 மைக்ரானில் 70 விழுக்காடும் குறைந்தது. தூசிக்கு நடுவே மணிக்கணக்கில் ஓடும் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக்கின் எஞ்சினுக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பணம் என்பதை அதன் உரிமையாளர் அறிவார். ஆனால் பெட்டியில் ‘20 மைக்ரான்’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அதற்குப் பொருளில்லை. அந்த அளவுத் துகளில் பாதியைப் பிடித்தாலும் அப்படி எழுதலாம், 99 விழுக்காட்டைப் பிடித்தாலும் அப்படியே எழுதலாம். ஐஎஸ்ஓ 4548-12 சோதனை இந்த விழுக்காட்டைத்தான் அளக்கிறது. நுண்ணிய காகிதம் ஓட்டத்தைத் தடுக்கும் என்ற அச்சத்தில் உண்மை உண்டு; மடிப்புகளைக் கூட்டிப் பரப்பைப் பெருக்கினால் அந்தத் தடை குறையும். மலிவு ஃபில்டரில் முதலில் சிக்கனம் பிடிப்பது பெரும்பாலும் அந்த மடிப்புகளில்தான்.

ஆக, மரையும் முள்ளும் பார்க்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை. அதை முழுமையாக்க வேண்டும். பழைய டப்பாவைப் பார்த்து வாங்காமல், எஞ்சினுக்குரிய பார்ட் நம்பரைப் பார்த்து வாங்க வேண்டும். மாற்று பிராண்ட் எடுப்பதில் தவறில்லை. பைபாஸ் அளவும் ஆயில் வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வும் ஒத்திருக்கிறதா என்று கேட்டு எடுக்க வேண்டும். கழற்றிய ஃபில்டரைப் பட்டறையிலேயே அறுத்து மடிப்புகளை விரித்துப் பார்க்கும் பழக்கமும் வர வேண்டும். மடிப்பு கிழிந்திருக்கிறதா, உலோகத் துகள் மின்னுகிறதா என்பதை எந்த மீட்டரும் காட்டாது. தயாரிப்பாளர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது: பைபாஸ் திறக்கும் பிஎஸ்ஐ எவ்வளவு, எத்தனை மைக்ரானில் எத்தனை விழுக்காடு என்ற இரண்டு எண்களையும் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும். மெக்கானிக்கும் வாடிக்கையாளரும் அதைக் கேட்கத் தொடங்கினால், அச்சிடாமல் அவர்களால் விற்க முடியாது.