மின்தடை என்னும் சொல்

மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழிலுக்குத் தமிழில் சொல் இல்லை என்பார் உளர். சொல் உண்டு, ஒரு சொல்லே மூன்று வேலை செய்கிறது என்பதுதான் குறை. மின்னோட்டத்துக்கு ஒரு பொருள் காட்டும் எதிர்ப்பு மின்தடை. அதற்கென்றே செய்து, நிறப்பட்டை தீட்டிப் பலகையில் பொருத்தும் சிறு உறுப்பையும் பலர் மின்தடை என்றே எழுதுகின்றனர். நாளிதழிலோ, ஊரில் விளக்கு அணைந்தாலும் மின்தடை!

பினாங்கில் இஃது ஏட்டளவில் நிற்கும் குறையன்று. பாயான் லெப்பாசில் 1972-இல் தடையற்ற வாணிக வலயம் அமைந்து, இன்டெல் முதலிய நிறுவனங்கள் வந்தபின், மின்னணுத் தொழில் இத்தீவில் பல்லாயிரவரின் பிழைப்பாயிற்று. தொழில் நிறுவனங்களின் முன்னெடுப்பில் நடக்கும் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் 1989-இல் தோன்றியது. தமிழ்ப்பள்ளி வழியே இத்தொழிலுக்குச் செல்லும் மாணவன் மின்சுற்றை முதலில் அறிவது தமிழில். இடைநிலைப்பள்ளியில் மலாய் மொழியில். அம்மொழியில் எதிர்ப்புக்கு ‘ரிந்தாங்ஙான்’, உறுப்புக்குப் ‘பெரிந்தாங்’ என ஒரு வேரிலிருந்தே இரு சொற்கள் உள. நாம் மங்கலாகக் கற்பித்ததை அவன் அங்கே தெளிவாகக் கற்கிறான்.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியா? அன்று. ஈயப் பற்றவைப்புத் தளர்ந்த இடத்தில், அல்லது கடற்காற்றால் களிம்பேறிய இணைப்பில், எதிர்ப்பு மிகும். ஆனால் உறுப்பு எதுவும் அங்கில்லை. “மின்தடை மிகுந்துள்ளது, பார்” என்று ஆசிரியர் சொன்னால், மாணவன் பழுதில்லாத உறுப்பைக் கழற்றி எறிவான். உறுப்பை ‘மின்தடையம்’ என்றால் குழப்பமில்லை. ‘மின்தடையாக்கி’ என்பாரும் உண்டு. பணிமேசையில் நின்று சொல்ல அது நீளம். மின்தடையத்தின் மின்தடை ஈரத்தால் கூடியது என்று சொல்லிப் பாருங்கள், பொருள் தெளிவாகும். தடயம் என்பதோடு ஒலி மயங்கும் என்பது சிறு குறையே.

நல்ல சொல்லும் நம்மிடம் உண்டு. ‘மின்தேக்கி’ என்பதில் ‘இ’ விகுதி, மண்வெட்டியிற்போல, கருவிப் பொருள் தந்து நிற்கிறது. இலங்கையார் வழங்கும் ‘கொள்ளளவி’ இலக்கணத்தில் பழுதற்றது. ஆயின் அளவைச் சொல்லி ஆபத்தைச் சொல்லாது விடுகிறது. மின்னிணைப்பைப் பிடுங்கிய பின்னும் மின்வழங்கியின் பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும். தேக்கி என்னும் பெயரே கையை நீட்டுமுன் எச்சரிக்கிறது.

‘பராமரிப்பு’ என்பதைப் பழுதுபார்ப்புக்கும் சேர்த்து வழங்குவதை நான் ஏற்கவில்லை. முன்னது கெடாமுன் செய்வது, பின்னது கெட்டபின். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் நன்கொடையாக வந்த மருத்துவமனைக் கருவிகள் முடங்கிக் கிடப்பதற்கு, தூசு துடைத்து, வடிகட்டி மாற்றி, மின்னழுத்தம் அளந்து பார்க்கப் பயின்ற கைகள் போதாமை ஒரு காரணம். அவ்வன்றாடப் பணிக்குப் ‘பேணுகை’ என்று தனிப்பெயர் இட்டு, பாடநூலில் பழுதுபார்ப்புக்கு முந்திய இயலாக வைக்கலாம்.