பக்கெட்டுக்கு வராத தண்ணீர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு முடிந்து வரும் நாற்பதைத் தாண்டிய பெண்களிடம் பெரும்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்டால், இரண்டுதான் சொல்வார்கள்: மாத்திரை, கேட்காவிட்டால் கர்ப்பப்பையையே எடுத்துவிடுவது. மூன்றாவது ஒன்று உண்டு. வயிற்றைக் கிழிக்காமல், ஹிஸ்டெரோஸ்கோப் என்ற உள்நோக்குக் குழாயை உள்ளே விட்டு, கர்ப்பப்பையின் உள்வரியை மட்டும் மின்வளையத்தால் சீவி எடுப்பது. 1980களில் பரவிய முறை. கர்ப்பப்பையும் மிஞ்சும், சீக்கிரம் வீடும் திரும்பலாம். முறையைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. குறையெல்லாம் அதில் ஓடும் தண்ணீரின் கணக்கில்.

சுவரோடு சுவர் ஒட்டிக் கிடப்பது கர்ப்பப்பை. உள்ளே பார்க்கத் திரவம் ஏற்றி விரிக்க வேண்டும். மூன்று லிட்டர் திரவப் பையை ஒரு மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டாலே சுமார் 74 மி.மீ. பாதரச அழுத்தம். சீவிய இடத்தில் வாய் பிளந்து கிடக்கும் சிரைகளில் அவ்வளவு அழுத்தம் ஏது? திரவம் நேரே ரத்தத்துக்குள் போகிறது.

முன்பு தொங்கியது பெரும்பாலும் 1.5% கிளைசின். பழைய மோனோபோலார் கருவி உப்புநீரில் வேலை செய்யாது. கிளைசின் ஒரு லிட்டர் ஏறினால் ரத்தத்தில் சோடியம் ஏறத்தாழ 10 மில்லிமோல் இறங்கும், மூளை வீங்கும். மாதவிலக்கு நிற்காத பெண்களை அந்த வீக்கம் மோசமாகத் தாக்கும். இந்த ஆபரேஷனுக்கு வருபவர்களோ பெரும்பாலும் அவர்களே. பைபோலார் கருவியும் நார்மல் சலைனும் வந்தது பெரிய நிம்மதி.

கூடவே மெத்தனமும் வந்தது. கிளைசினுக்கு 1 லிட்டர், சலைனுக்கு 2.5 லிட்டர், வயதானவர், இதயநோயாளி என்றால் சலைன் 1.5 என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். நிபுணர்கள் கூடிப் பேசி வைத்த எண்கள். 40 கிலோ உடம்புக்கும் 80 கிலோ உடம்புக்கும் ஒரே 2.5. மாதக்கணக்கில் ரத்தம் போய் ஹீமோகுளோபின் 7-க்கு வந்த ஒருத்திக்கு அத்தனை சலைன் ஏறினால் சோடியம் சரியாக இருக்கும், நுரையீரலில்தான் நீர் கோத்துக்கொள்ளும்.

சரி, எவ்வளவு ஏறியது என்று யாருக்குத் தெரியும்? இரண்டு பை காலி, 6 லிட்டர். திரும்பி வந்து பக்கெட்டில் விழுந்தது 4.6. மிச்சம்? "தரையில போயிருக்கும்." பச்சைத் துணி சொட்டுகிறது, டாக்டரின் செருப்பு நனைந்திருக்கிறது; நம்பத்தான் தோன்றும். போதாக்குறைக்கு, பையில் அச்சிட்ட அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நிரப்பியிருப்பார்கள்.

தானாகக் கணக்கெடுக்கும் பம்ப் விலை அதிகம்தான். ஆனால் அது செய்வது பெரும்பாலும் எடை போடுவதே. ஒரு லிட்டர் சலைன் ஏறக்குறைய ஒரு கிலோ. இடுப்புக்குக் கீழே சிந்துவதைப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் பை, காய்கறிக் கடையில் இருப்பது போன்ற டிஜிட்டல் தராசு, வேறு வேலை எதுவும் தராமல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைச் சத்தமாகச் சொல்ல ஒரு நர்ஸ். கடைசியாகச் சொன்னதுதான் கிடைப்பது கஷ்டம்.

முதுகில் ஊசி போட்டிருந்தால் நோயாளியே "தலை வலிக்குது" என்பார், "மூச்சு முட்டுது" என்பார். அதற்குள் நேரம் போயிருக்கும். ஆவடியிலோ பூந்தமல்லியிலோ சொந்த லேப் இல்லாத நர்சிங் ஹோம் என்றால், சோடியம் பார்க்க ரத்தம் வெளியே போக வேண்டும். ரிப்போர்ட் வந்து சேரும்போது மூன்றாவது பையும் பாதி காலியாகியிருக்கும்.