பெயர் மட்டும் பட்டியலில் இல்லை

என் தோழி ஒரு தனியார் நிறுவனத்தில் மூன்று வருடம் ஒப்பந்த வேலை பார்த்தாள். மார்ச் பிறந்தால் அடுத்த வருடத்துக்கான ஆர்டர் வரும். கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள். நான்காவது முறை ஆர்டர் வரவில்லை. தாமதமாகிறது போல என்று நினைத்துக்கொண்டு ஏப்ரல் முதல் தேதி வேலைக்குப் போனாள். வருகைப்பதிவு மெஷினில் விரலை வைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. விரலில் ஈரமோ என்று துப்பட்டாவில் துடைத்துவிட்டு மறுபடி வைத்திருக்கிறாள். மூன்றாவது தடவை செக்யூரிட்டி அண்ணன் பக்கத்தில் வந்து, "உங்க பேரு லிஸ்ட்ல இல்லம்மா" என்றார்.

அவளை யாரும் வேலைநீக்கம் செய்யவில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான்.

புதுப்பிக்காமல் விடுவதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. கரும்பு அரவைப் பருவம் முடிந்தால் ஆலையில் அந்த வேலை இல்லை. பிரசவ விடுப்பில் போன ஆசிரியை திரும்பி வந்தால், அவருக்குப் பதிலாக வந்தவர் கிளம்பத்தான் வேண்டும். வேலைக்கே முடிவு இருக்கும்போது ஒப்பந்தத்துக்கும் முடிவு இருப்பது நியாயம். இன்னொரு நல்லதும் உண்டு. 'பணிக்காலம் நிறைவடைந்தது' என்ற சான்றிதழோடு அடுத்த இடத்தில் வேலை கேட்கலாம். 'நீக்கப்பட்டார்' என்றிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆனால் குற்றம் சொல்லாமல் அனுப்பும் இந்த வழியில், அனுப்பப்படுகிறவருக்குப் பதில் சொல்லவும் இடமில்லை. வேலைநீக்கம் என்றால் விளக்கம் கேட்க வேண்டும், விசாரணை நடத்த வேண்டும். 1947ஆம் வருடத் தொழில் தகராறுகள் சட்டப்படி, ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவரை ஆட்குறைப்பு செய்வதற்கு ஒரு மாத நோட்டீஸும், வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் தர வேண்டியிருந்தது. 1984இல் ஒரு திருத்தம் வந்தது: ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் வேலை போனால் அது ஆட்குறைப்பு ஆகாது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், குறித்த கால ஊழியருக்கு ஒரு வருடத்திலேயே பணிக்கொடை உரிமை தந்தன. மனமார வரவேற்கிறேன். ஆனால் காலம் முடிந்து போகிறவர் ஆட்குறைப்புக் கணக்கில் வரமாட்டார் என்பதை அவையும் மாற்றவில்லை.

தமிழ்நாட்டில் 1981ஆம் வருடச் சட்டம் ஒன்று உண்டு. 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. தொழிலாளிக்காகப் போட்ட இந்தக் கணக்கை நிர்வாகங்களும் நன்றாகவே கற்றுக்கொண்டன. 480ஐத் தொடுவதற்கு முன்பே 'பிரேக்' விட்டு, பிறகு புது ஆளாகச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் அப்படி வந்ததுதான்.

அரசும் விலக்கில்லை. கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுத்த செவிலியர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு 2022 டிசம்பர் 31க்குப் பிறகு நீட்டிப்பு இல்லை என்றது தமிழக அரசு. தொற்றுக்காக எடுத்தோம், தொற்று தணிந்துவிட்டது என்பது கேட்க நியாயமான வாதம். ஆனால் வார்டில் ஊசி போடும் வேலை தணியவில்லையே. அவர்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் மாற்றுப் பணி பற்றிய பேச்சே வந்தது. ஆண்டுக்கணக்கில் தொடரும் வேலைக்குத் தற்காலிக முத்திரை குத்துவதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் கடுமையாகவே கண்டித்தது. மத்திய நீர்வள ஆணையத்தில் பல வருடம் துப்புரவும் தோட்ட வேலையும் பார்த்தவர்களின் வழக்கு அது.

என்னைக் கேட்டால், ஒப்பந்தம் முடிகிறது என்று ஒரு மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். முடிவது காலமா, வேலையா என்பதும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். வேலை முடியவில்லை என்றால் இவரை ஏன் விடுகிறோம் என்று காரணம் எழுத வேண்டும்.

தோழி அன்று மனிதவளப் பிரிவுக்குப் போய்க் கேட்டாள். "காரணம்னு ஒண்ணும் இல்லம்மா, டெர்ம் முடிஞ்சுது" என்றார்கள். அடுத்த மாதமே அவள் மேசையில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் ஒரு வருட ஒப்பந்தம்தான்.