தவிட்டெண்ணெய்ச் சோப்பு: வரவும் செலவும்

நெல்லின் எடையில் ஏறத்தாழ 8 சதவீதம் தவிடு. அதில் 15 முதல் 20 சதவீதம் வரை எண்ணெய் உண்டு. அந்த எண்ணெய் சமையலுக்குப் போகுமா, சோப்புக் கொப்பரைக்குப் போகுமா என்பதைத் தீர்மானிப்பது லைபேஸ் என்னும் நொதி. ஆலையில் தவிடு உரிந்ததுமே அது எண்ணெயைக் கொழுப்பமிலங்களாக உடைக்கத் தொடங்கிவிடும். உடனே சூடேற்றி அடக்காவிட்டால், சில நாட்களில் எண்ணெய் உணவுக்கு ஏற்றதாக இராது, சுத்திகரிப்பும் கட்டுபடியாகாது. புழுங்கல் நெல் முன்பே வெந்துவிடுவதால் அதன் தவிடு ஓரளவு தாக்குப்பிடிக்கும். பச்சரிசித் தவிடுதான் முதலில் கெடும்.

சோப்புக்கு இந்தக் கேடு பெரிய குறையல்ல. கொழுப்பமிலத்தோடு காஸ்டிக் சோடா நேரடியாகச் சேர்ந்து சோப்பாகிறது. ஆனால் உடையாத எண்ணெயைக் காய்ச்சும்போது கிடைக்கும் கிளிசரின், எண்ணெய் உடைந்த அளவுக்குக் குறையும். பனை எண்ணெய்க்கு வேண்டியதுபோல் தனி நிலமும் தேவையில்லை. எண்ணெய் எடுத்த தவிடு தீவனமாகிறது. கொழுப்பு போனதால் அதன் ஆற்றல் மட்டும் குறைவு.

சிக்கல் எண்ணெயின் இயல்பிலேயே இருக்கிறது. அதன் அமிலங்களில் முக்கால் பங்குக்கு அருகே ஒலிக், லினோலிக் ஆகிய செறிவுறாத வகைகள். அவற்றின் சோப்பு குழைவாக இருக்கும், நாளடைவில் சிக்கு நாற்றம் அடிக்கும். நிறமும் கருத்திருக்கும். கட்டிச் சோப்பாக்க நிக்கல் வினையூக்கியோடு ஹைட்ரஜனேற்றம் வேண்டும், அல்லது பனை எண்ணெய் சேர்க்க வேண்டும். நல்ல நுரைக்குத் தேங்காய் எண்ணெய். ஆக, துணைப்பொருளாலான சோப்பு என்று பெருமை பேசினாலும் பாதிச் சுமையைப் பிற எண்ணெய்களே தாங்குகின்றன. நீர்நிலையில் எளிதில் சிதைவது உண்மையான நன்மை. ஆனால் ஆழ்துளைக் கிணற்றின் கடினநீரில் கால்சியத்தோடு சேர்ந்து திரிந்துபோவது எல்லாச் சோப்புக்கும் உள்ள குறை. மூலப்பொருள் தாவரமானால் மட்டும் அது தீராது.

தவிட்டை உடனடியாகப் பதப்படுத்தும் ஆலைகள் பெருகினால் கெட்ட எண்ணெய் குறையும். சோப்புத் தொழில் நம்பியிருக்கும் சரக்கும் சுருங்கும். அப்போது மிஞ்சுவது உணவெண்ணெய்ச் சுத்திகரிப்பின் கழிவுதான். காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும் முறையில் அது சோப்புக் கசடாக வருகிறது. கந்தக அமிலம் ஊற்றிக் கொழுப்பமிலத்தைப் பிரித்தால், சோடியம் சல்பேட் கலந்த அமிலநீர் ஆலையின் தலையில் விழும். நீராவி முறையில் அமிலங்கள் தனியே ஆவியாகி வருவதால் இந்தக் கழிவுநீர் இல்லை. ஆனால் முன்னதாகப் பசையையும் மெழுகையும் நன்றாக நீக்கியாக வேண்டும். தவிட்டெண்ணெயில் அவை இரண்டுமே அதிகம்.